ஏற்காடு நர்ஸ் 'முனைவர்' ஆக எத்தனை வருஷம் ஆகும்? நர்ஸிங் பிஎச்.டி படிப்பு பற்றி முழு விவரம்

சேலத்தில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. சுற்றுலா வருபவர்கள் ஏரி, பகோடா பாயின்ட், சேர்வராயன் கோயில் என்று சுற்றிவிட்டு இறங்கிவிடுவார்கள். நாகலூர், வெள்ளக்கடை, மஞ்சக்குட்டை பக்கத்து உள்கிராமங்களில் குடியிருப்பவர்களுக்கு காய்ச்சலோ, பிரசவ வலியோ வந்தால் முதலில் தெரிந்த முகம் டாக்டர் அல்ல, நர்ஸ்தான்.

அப்படி மலையில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸோ, நர்ஸ் ஆகணும்னு நினைக்கும் பிளஸ் டூ மாணவியோ, தன் துறையில் முனைவர் பட்டம் வரை போக முடியுமா? முடியும். எத்தனை வருஷம், யார் பணம் கொடுப்பார்கள், படித்து முடித்தால் என்ன கிடைக்கும் என்பதைப் பார்க்கலாம்.

எங்கே தொடங்கியது?

தமிழ்நாட்டில் நர்ஸிங் உயர்கல்விக்கு நல்ல பழமை உண்டு. வேலூர் சிஎம்சி-யில் ஐடா ஸ்கடர் 1909-லேயே நர்ஸிங் பள்ளியைத் தொடங்கினார். 1946-ல் அங்கே பி.எஸ்சி நர்ஸிங் வந்தது. அதே ஆண்டுதான் டெல்லியிலும் பட்டப்படிப்பு ஆரம்பம். முதுநிலை 1959-ல் டெல்லியில் வந்தது. பிஎச்.டி மட்டும் ரொம்பவே தாமதம். 2000-க்குப் பிறகுதான் இது வேகம் பிடித்தது. இந்திய நர்ஸிங் கவுன்சில், கர்நாடகத்தின் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம், உலக சுகாதார நிறுவனம் மூன்றும் சேர்ந்து நர்ஸிங் பிஎச்.டி-க்கென்றே தேசிய கூட்டமைப்பை உருவாக்கின. தமிழ்நாட்டில் டாக்டர் எம்.ஜி.ஆர் மருத்துவப் பல்கலைக்கழகம் இந்தப் பட்டத்தை வழங்குகிறது. மலையில் இருந்து இறங்கினால் சேலத்திலேயே விநாயகா மிஷன்ஸ் நிகர்நிலை பல்கலைக்கழகமும் இருக்கிறது.

கணக்கு போட்டால் 10 வருஷம்

பிளஸ் டூ முடித்து நேராகப் போனால் பி.எஸ்சி 4 ஆண்டு. எம்.எஸ்சி சேர ஒரு வருஷம் வேலை அனுபவம் கேட்பார்கள். எம்.எஸ்சி 2 ஆண்டு. பிஎச்.டி குறைந்தது 3 ஆண்டு. மொத்தம் 10. எங்கேயும் தடங்கல் இல்லாமல் போனால் 28 வயதில் முடிக்கலாம். நடைமுறையில் அப்படி முடிப்பவர்கள் குறைவு.

கிராம சுகாதார செவிலியருக்கு இந்தப் படிக்கட்டு இன்னும் நீளம். அவர் படித்தது பெரும்பாலும் 2 ஆண்டு ஏஎன்எம். அதை வைத்து நேராக பட்டப்படிப்புக்குப் போக முடியாது. ஜிஎன்எம் 3 ஆண்டு, அப்புறம் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி 2 ஆண்டு, பிறகு எம்.எஸ்சி, பிஎச்.டி. அனுபவ வருஷத்தையும் சேர்த்தால் 13-ஐத் தொடும். நடுவில் கல்யாணம், குழந்தை, டிரான்ஸ்ஃபர் எல்லாம் தனி. மலையில் அதிக அனுபவம் உள்ளவருக்கே பாதை அதிக நீளமாக இருப்பது இந்த அமைப்பின் பெரிய குறை.

எம்.எஸ்சி-யில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும். எஸ்சி, எஸ்டி, ஓபிசி பிரிவினருக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. யுஜிசி-யின் 2022 விதிப்படி பிஎச்.டி-க்கு அதிகபட்சம் 6 ஆண்டு. அதற்குமேல் 2 ஆண்டு நீட்டிப்பு கேட்கலாம். பெண்களுக்கு இன்னும் 2 ஆண்டு சலுகை. ஆனால் மொத்தம் 10 ஆண்டைத் தாண்டக் கூடாது. பேறுகால, குழந்தை பராமரிப்பு விடுப்பு 240 நாள் வரை. நர்ஸிங்கில் பெண்கள்தான் பெரும்பான்மை என்பதால், சேரும்போதே இந்த விதியைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பகுதிநேரமாகப் படிக்கலாமா?

படிக்கலாம். யுஜிசி விதி அனுமதிக்கிறது. ஆனால் வேலை பார்க்கும் இடத்தில் இருந்து தடையில்லா சான்று வாங்க வேண்டும். ஆராய்ச்சிக்கு நேரம் தருகிறோம், தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க் முடிக்க விடுவிக்கிறோம் என்று அதில் இருக்கணும். ஆள் பற்றாக்குறையில் ஓடும் மலை ஆஸ்பத்திரியில் அதை வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த தடை கைடு. ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும்தான் வழிநடத்த முடியும். இடம் காலியாக இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டு விண்ணப்பிப்பதே புத்திசாலித்தனம்.

பணம் யார் தருவார்கள்?

யுஜிசி நெட் தேர்வில் நர்ஸிங் தனிப் பாடமாக இல்லை. அதனால் மற்ற துறை மாணவர்கள் வாங்கும் ஜேஆர்எஃப் உதவித்தொகை நர்ஸிங் மாணவர்களுக்கு சுலபமாகக் கிடைப்பதில்லை.

ஏற்காட்டுக்காரர்களுக்கு இங்கே ஒரு முக்கியமான வழி இருக்கிறது. சேர்வராயன் மலையில் பெருமளவு வசிப்பவர்கள் 'மலையாளி' பழங்குடியினர். பெயரைப் பார்த்து கேரளாவா என்று கேட்காதீர்கள். தமிழ் பேசும் மக்கள், மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள். காஞ்சிபுரத்தில் இருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதிகள் இரண்டே இரண்டு. ஒன்று சேந்தமங்கலம், இன்னொன்று ஏற்காடு.

எஸ்டி சான்றிதழ் உள்ளவர்களுக்கு மத்திய பழங்குடியினர் நல அமைச்சகத்தின் தேசிய உதவித்தொகை இருக்கிறது. ஆண்டுக்கு நாடு முழுக்க 750 பேர். இதற்கு நெட் தேவையில்லை, முதுநிலை மதிப்பெண்ணை வைத்துத் தேர்வு செய்கிறார்கள். ஆனால் முழுநேரமாகப் படிக்க வேண்டும், வயது வரம்பும் உண்டு. 30-களின் பாதியில் "இனிமே படிக்கலாம்" என்று முடிவெடுப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த வரம்பைத்தான்.

முடித்தால் என்ன கிடைக்கும்?

இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடலாம். நர்ஸிங் பிஎச்.டி என்பது ஆராய்ச்சிக்கும் ஆசிரியர் பணிக்குமான பட்டம். கல்லூரி முதல்வர் பதவிக்கான இந்திய நர்ஸிங் கவுன்சில் விதியில்கூட பிஎச்.டி 'விரும்பத்தக்கது'தான், கட்டாயம் அல்ல. வார்டில் நிற்கும் நர்ஸுக்கு இதனால் மருந்து எழுதும் அதிகாரம் வந்துவிடாது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே நோயாளியை நேரடியாகப் பார்க்கும் நர்ஸ்களுக்கு 'டிஎன்பி' என்று தனி முனைவர் பட்டம் உண்டு. அங்கே பல மாகாணங்களில் நர்ஸ் பிராக்டிஷனர்கள் டாக்டர் மேற்பார்வை இல்லாமலே மருந்து எழுதலாம். இந்தியாவில் அதற்கு நெருக்கமாக இருப்பது 2 ஆண்டு தீவிர சிகிச்சை நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பும், 18 மாத மிட்வைஃப் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியும்தான். நோயாளி பக்கத்திலேயே இருந்து உயரணும்னு நினைப்பவர்கள், பிஎச்.டி-க்கு முன்னால் இவற்றை யோசிப்பது நல்லது.

அப்போ மலைக்கு இந்தப் பட்டத்தால் என்ன பயன்? கேள்விகளில்தான் பயன். மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவத்துக்கு முன்பே வந்து தங்க காத்திருப்பு அறை அமைக்கும் திட்டம் தமிழ்நாட்டில் உண்டு. அறை இருந்தும் ஒரு கர்ப்பிணி வரவில்லை என்றால் ஏன்? வீட்டில் இருக்கும் சின்னப் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்பதா, காபி தோட்டத்துக் கூலி போய்விடும் என்பதா? இரும்புச்சத்து மாத்திரை வாங்கிட்டுப் போறவங்க அதைச் சாப்பிடுறாங்களா? சென்னையில் இருந்து வரும் சர்வே படிவத்தில் இதற்கு பதில் வராது. வீடு வீடாகப் போய் பழகிய நர்ஸ், ஆராய்ச்சி முறையும் கற்றுக்கொண்டால் கேட்டு எழுதிவிடலாம்.

பெயருக்கு முன்னால் என்ன போடுவது?

இந்த விஷயத்தில் தமிழுக்கு வசதி அதிகம். ஆங்கிலத்தில் இரண்டு பேருமே 'டாக்டர்'. தமிழில் சிகிச்சை தருபவர் மருத்துவர், பிஎச்.டி முடித்தவர் முனைவர். ஆஸ்பத்திரி பெயர்ப்பலகையில் 'முனைவர்' என்று போட்டால் நோயாளிக்குக் குழப்பம் இல்லை.

ஏமாறாமல் இருக்க

'வீட்டிலிருந்தே ஆன்லைனில் பிஎச்.டி' என்று வரும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். தொலைதூர, ஆன்லைன் முறையில் பிஎச்.டி நடத்த யுஜிசி விதி அனுமதிக்கவில்லை. காசு வாங்கிக்கொண்டு தரும் 'கௌரவ டாக்டர்' பட்டம் பதவி உயர்வுக்கு உதவாது. எம்.பில் படிப்பையும் 2022 விதி நிறுத்திவிட்டது, அதில் இனி சேர முடியாது. கட்டணம் கட்டும் முன்பு பல்கலைக்கழகத்தின் பெயர் யுஜிசி இணையதளப் பட்டியலில் இருக்கிறதா, உங்கள் கைடு அங்கே முழுநேரமாக வேலை பார்ப்பவரா என்று இரண்டையும் பார்த்துவிடுங்கள்.