ஈயம், ரப்பர், இழப்பீடு: கீழ்ப் பேராக்கில் வழக்கறிஞர் தொழில்

பேராக் ஆற்றுக்கும் பெர்ணம் ஆற்றுக்கும் இடைப்பட்ட கடலோரச் சமவெளியில் தென்னை, ரப்பர், பிற்காலத்தில் செம்பனை என மாறி மாறிப் பயிரான தோட்டங்களை ஒட்டி வளர்ந்த சிற்றூர் ஹுத்தான் மெலிந்தாங். 1906இல் டென்மார்க் நாட்டுப் பொறியாளர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் தொடங்கிய ஜெண்டராத்தா தோட்டம் இந்த வட்டாரத்தைச் சேர்ந்தது. தோட்ட மக்களின் வழக்கு எதுவானாலும், 1982இல் தெலுக் இந்தான் எனப் பெயர் மாறிய தெலுக் ஆன்சனின் கீழ்நிலை நீதிமன்றத்துக்கோ, அதற்கும் மேலே ஈப்போவுக்கோ சென்றது. தைப்பிங்கிலிருந்த மாநிலத் தலைநகர் 1937இல் ஈப்போவுக்கு மாறியதும், ரயில் நிலையத்தை அடுத்த அதன் நீதிமன்ற வட்டாரமே பேராக் வழக்கறிஞர்களின் நடுவிடமாயிற்று. அங்கே யார் எந்தத் துறையில் பேரெடுத்தார்கள் என்பதை அவர்களுடைய திறமையை மட்டும் கொண்டு விளக்கிவிட முடியாது. எந்த வகை வழக்குக்குச் சட்டம் வழக்கறிஞரை உள்ளே விட்டது, எதற்கு வாசலிலேயே நிறுத்தியது என்பதும் பெருமளவு அதைத் தீர்மானித்தது.

மலாயாவில் வழக்கறிஞர் தொழில் இங்கிலாந்தைப் போல இரண்டாகப் பிரிந்திருக்கவில்லை. மன்றத்தில் வாதாடுபவரும் அலுவலகத்தில் பத்திரம் தயாரிப்பவரும் ஒருவரே. ஆகவே சிறு நகர வழக்கறிஞர் காலையில் திருட்டு வழக்கில் வாதாடி மாலையில் நில மாற்றுப் பத்திரம் எழுதினார். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்கள் செழித்த காலத்தில் வருமானத்தின் அடித்தளம் நிலமும் கடனுமாகவே இருந்தது. நில உரிமை கைப்பத்திரத்தால் அன்றி அரசுப் பதிவேட்டில் உள்ள பதிவால் நிலைபெறும் என்பது டொரன்ஸ் முறை. இதை 1880களில் வில்லியம் எட்வர்ட் மேக்ஸ்வெல் ஆஸ்திரேலிய முன்மாதிரியைக் கொண்டு வலியுறுத்த, நூற்றாண்டின் இறுதிக்குள் பேராக்கில் அது வேரூன்றிவிட்டது. செட்டியார் கடன் கொடுக்கும்போது நிலத்தின் கிராண்டை, அதாவது உரிமைப் பத்திரத்தை, ஈடாக வாங்கி வைத்துக்கொள்வார். பின்னர் அந்த நிலத்தை வேறு எவரும் பதிவு செய்துகொள்ளாதபடி நில அலுவலகத்தில் கேவியட் எனும் தடைக்குறிப்பு இடப்படும். இந்தத் தடைக்குறிப்பை இடுவதும் நீக்குவதும், தவணை தவறியபோது ஏலத்துக்கு மனுச் செய்வதும் பல அலுவலகங்களுக்கு நிலையான வரும்படி தந்தன. 1930களின் விலைவீழ்ச்சியில் கடனாளிகளின் தோட்டங்கள் பல செட்டியார் கைக்கு வந்ததன் பின்னணியிலும் இந்த நடைமுறையே நின்றது.

இந்தப் பணப்புழக்கத்தில், தோட்டக் குடியிருப்பான லயத்தில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளிக்கு இடமில்லை. 1910இல் நிறுத்தப்பட்ட ஒப்பந்தக் கூலி முறையின்கீழ், வேலையை விட்டு ஓடுவது தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. நீதிமன்றத்தை அவர் அறிந்தது பெரும்பாலும் குற்றவாளிக் கூண்டிலிருந்துதான். அதன் பின்னர் வந்த 1912, 1923ஆம் ஆண்டுகளின் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் கூலி, குடியிருப்பு, மருத்துவம் ஆகியவற்றுக்கு விதிகள் வகுத்தன. ஆனால் அவற்றைக் கேட்டுப் பெறும் பொறுப்பைத் தொழிலாளர் இலாகாவிடம் ஒப்படைத்தன. இந்தியாவின் 1922ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி கோலாலம்பூரில் அமர்ந்த இந்திய அரசின் ஏஜெண்டும் தோட்டங்களைச் சுற்றிவந்து ஆண்டறிக்கை எழுதினார். கூலிப் பாக்கி தோட்ட எழுத்தரான கிராணி, நிர்வாகியான துரை, இலாகா அதிகாரி என்று ஏறியதே தவிர வழக்கறிஞரிடம் வரவில்லை. பாதுகாப்பு என்ற பெயரில் இது நடந்தாலும், தம் வழக்கைத் தாமே நடத்தும் உரிமை தொழிலாளிக்கு இல்லாமற் போனதே இதன் விளைவு. நீதிமன்ற வாசலில் அவருக்குக் கிடைத்த உதவி, சில்லறைக் கட்டணத்துக்கு மனு எழுதித் தருபவரும், உள்ளே ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் இடையே நின்ற மொழிபெயர்ப்பாளருமே.

வழக்கறிஞராவதற்கு ஆங்கிலப் பள்ளியும் லண்டன் பயணமும் தேவைப்பட்ட காலத்தில், தமிழரில் அதற்கு வழி பெற்றவர்கள் பெரும்பாலும் அரசுப் பணியிலும் ரயில்வேயிலும் இருந்த யாழ்ப்பாணக் குடும்பங்களின் பிள்ளைகளும் வசதி படைத்த சில இந்தியக் குடும்பங்களின் பிள்ளைகளுமே. பேராக்கில் பிறந்து லண்டனில் சட்டம் பயின்ற ஜான் திவி, சுபாஷ் சந்திர போஸின் சுதந்திர இந்திய அரசில் பங்கேற்றுச் சிறை சென்று, 1946இல் மலாயா இந்தியர் காங்கிரசின் முதல் தலைவரானார். இந்தத் தலைமுறை வழக்கறிஞர்கள் அரசியலுக்குள் இறங்கியதற்கு ஒரு காரணம் எளிது: தோட்டத் தொழிலாளியின் குறையை வழக்காக எடுத்துச் செல்ல மன்றம் இல்லாத இடத்தில் மேடையே மன்றமாயிற்று.

1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் கொல்லப்பட்டதை அடுத்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம் குற்றவியல் வாதத்தைத் தொழிலின் முன்னணிக்குக் கொண்டுவந்தது. ஆயுதம் வைத்திருப்பதற்கே மரணதண்டனை என்ற விதிமுறையின்கீழ் ஜொகூரில் விசாரிக்கப்பட்ட சாம்பசிவம் என்ற இளைஞரின் வழக்கு 1950இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. ஒரு குற்றச்சாட்டில் விடுதலை பெற்றவருக்கு எதிராக, அதே செயலைப் பிந்திய விசாரணையில் மீண்டும் நிறுவ முயலக் கூடாது என்று அங்கே கூறி அவருடைய தண்டனையை நீக்கினார்கள். காமன்வெல்த் நாடுகளின் நீதிமன்றங்கள் பலவும் இன்றுவரை அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டுகின்றன. ஈப்போவில் 1952இல் கையெறி குண்டு வைத்திருந்ததாக விசாரிக்கப்பட்ட லீ மெங் வழக்கில், நீதிபதியுடன் அமர்ந்து கருத்துச் சொல்லும் அசெசர்கள் எனும் இரு துணையாளர்களும் குற்றமில்லை என்றார்கள். நீதிபதி அதை ஏற்காமல் மறுவிசாரணைக்கு உத்தரவிட, அதில் மரணதண்டனை விதிக்கப்பட்டது. 1953இல் பேராக் சுல்தான் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். உள்ளூர் நீதிமுறையின் மீது இந்த வழக்கு ஏற்படுத்திய ஐயம் நெடுநாள் நீங்கவில்லை.

அதே ஈப்போவில் அண்ணன் தம்பியரான வழக்கறிஞர்கள் எஸ்.பி. சீனிவாசகமும் டி.ஆர். சீனிவாசகமும் 1953இல் பேராக் முற்போக்குக் கட்சியைத் தொடங்கினார்கள். பின்னர் மக்கள் முற்போக்குக் கட்சியான அது ஈப்போ நகராட்சியையே தன் கையில் வைத்திருந்தது. தம்பி 1957 இடைத்தேர்தலில் நாடாளுமன்றம் புகுந்தார். அண்ணன் 1959இல் மெங்லெம்பு தொகுதியில் வென்றார். குறுக்கு விசாரணையில் பழகிய நாக்கு அவையிலும் அப்படியே பேசியது எனலாம். கல்வி அமைச்சராயிருந்த அப்துல் ரஹ்மான் தாலிப் மீது டி.ஆர். ஊழல் குற்றம் சாட்டியபோது, அவைக்கு வெளியே சொல்லத் துணிவுண்டா என்ற அறைகூவல் வந்தது, வெளியேயும் சொன்னார், அமைச்சர் தொடுத்த அவதூறு வழக்கு தோற்க, 1965இல் அவர் பதவி விலகினார். 1969 மார்ச்சில் டி.ஆர். காலமானார். எஸ்.பி. கட்சியை ஆளும் கூட்டணியில் சேர்த்து, 1974இல் சொந்தத் தொகுதியையே இழந்து, மறு ஆண்டு மறைந்தார். ஈப்போவில் ஒரு பூங்காவும் ஒரு சாலையும் அவர்கள் பெயர்களைத் தாங்கி நிற்கின்றன.

சுதந்திரத்துக்குப் பின் தோட்டப்புறத்துக்கு வழக்கறிஞரைக் கொண்டுவந்தவை இத்தகைய புகழ்பெற்ற வழக்குகள் அல்ல, தாள்களே. 1957க்கு முன் பிறந்து பிறப்புப் பத்திரமே எடுக்காதவர்களுக்கு, 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர் வேலை பர்மிட் பெற வேண்டும் என்றானபோது, சத்தியப் பிரமாணமும் தாமதப் பதிவும் அவசரத் தேவைகளாயின. வேலைநீக்கத்தை எதிர்க்க 1967ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டம் வழி செய்தது. ஆனால் சமரசக் கட்டத்தில் வழக்கறிஞர் அமரக் கூடாது, தொழில் நீதிமன்றத்திலும் தலைவரின் அனுமதி வேண்டும். பணியிடக் காயங்களுக்கு 1969ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் சொக்சோ எனும் காப்புத் திட்டத்தை அமைத்து, முதலாளி மீது வழக்குத் தொடுப்பதைத் தடுத்தது. பழைய தொழிலாளர் இலாகா காலத்தின் போக்கு இவற்றில் புதிய உடையில் தொடர்ந்தது என்று சொல்வது மிகையாகாது.

எஞ்சிய பெரிய களம் சாலை விபத்து. மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்வரும் வட்டாரத்தில் இழப்பீட்டு வழக்குகள் சிறு நகர அலுவலகங்களின் சோறாயின. 1984இல் குடிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 28ஏ பிரிவு அந்தக் கணக்கை இறுக்கியது: 30 வயதும் அதற்குக் கீழும் உள்ளவருக்கு 16 ஆண்டு வருமானம், அதற்கு மேல் 55இலிருந்து வயதைக் கழித்ததில் பாதி, விபத்தின்போது சம்பாதிக்காதவருக்கு எதிர்கால வருமானம் என்று எதுவுமில்லை. 55ஐக் கடந்து உழைத்த பால்மரம் வெட்டும் பெண்ணின் உழைப்புக்கு இதனால் மதிப்பில்லாமற் போனது. 2019இல்தான் அந்த வரம்பு 60 ஆயிற்று.

1982 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த திருமணம், மணமுறிவுச் சட்டம் முஸ்லிம் அல்லாதோருக்கு ஒருதார மணத்தையும் பதிவையும் கட்டாயமாக்கியதோடு, கோயிலில் தாலி கட்டியதோடு நின்ற மணங்களையும் வழக்கறிஞர் மேசைக்கு இழுத்தது. அதன் எல்லையைச் சோதித்தது ஈப்போவில் இந்திரா காந்தி என்ற தாய் தொடுத்த வழக்கு. 2009இல் தந்தை மட்டுமே முடிவு செய்து குழந்தைகளை இஸ்லாத்துக்கு மாற்றியதை ஈப்போ உயர் நீதிமன்றம் 2013இல் செல்லாது என்றது. இரு பெற்றோரின் சம்மதமும் தேவை எனக் கூட்டரசு நீதிமன்றம் 2018 ஜனவரியில் முடிவு செய்தது. தாயின் சார்பில் நின்ற மு. குலசேகரன் 1997 இடைத்தேர்தலில் தெலுக் இந்தானில் வென்றவர். வழக்கறிஞரும் அரசியலரும் ஒருவராகும் பேராக் மரபு அவரிடமும் தொடர்கிறது.

லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டமும் 1984 முதல் நடக்கும் சட்டத் தொழில் சான்றிதழ்த் தேர்வும் லண்டனுக்குக் கப்பலேற முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் வழி திறந்தன. 1990இல் நீதிமன்ற நடவடிக்கைகள் தேசிய மொழிக்கு மாறியபோது, ஆங்கிலத்தில் ஊறிய மூத்தோரைவிட அரசுப் பள்ளியில் மலாய் படித்த இவர்களுக்கு அது எளிதாகவே இருந்தது. ரப்பர் போய்த் தோட்டங்கள் கைமாறும் காலத்தில் இவர்கள் அதிகம் காணும் தாள், நீதிமன்ற விதிகளின் 89ஆம் ஆணையின்கீழ் நிலத்தை விரைவாக மீட்கக் கோரும் விண்ணப்பம். வேலை முடிந்தால் குடியிருக்கும் அனுமதியும் முடியும் என்பது சட்டத்தின் நிலை. மூன்று தலைமுறை வாழ்ந்தோம் என்பது அங்கே உரிமையாவதில்லை. ஆகவே இந்த வழக்குகளில் நல்ல வழக்கறிஞரின் வேலை பெரும்பாலும் தீர்ப்புக்கு முன்பே, மாற்று வீட்டுக்கும் கால அவகாசத்துக்கும் நிறுவனத்துடன் பேசி முடிப்பதாக இருக்கிறது.