லெட்டர்ஹெட்டின் வயது

ஓய்வுபெற்ற மில் ஊழியர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் எங்கள் சங்கத்துக்கு, கம்ப்யூட்டரில் லெட்டர்ஹெட் செய்து தரும் வேலை என் தலையில் விழுந்தது. மாதிரிக்குப் பழைய ஃபைலைத் தேடினேன். நான் வேலை பார்த்த மில்லின் லெட்டர்ஹெட் தாள் ஒன்று கிடைத்தது. எதுவும் டைப் அடிக்காத, தேதியில்லாத தாள். ஆனாலும் அதன் வயது தெரிந்துவிட்டது.

முகவரியில் 'தமிழ்நாடு' என்றிருந்தது. மதராஸ் மாநிலம் அப்பெயர் பெற்றது 1969 ஜனவரியில். ஊர்ப்பெயரோ வெறும் 'கோயமுத்தூர்-1'. ஆறு இலக்க பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15-இல். ஆக, இடைப்பட்ட மூன்றரை வருஷத்தில் அச்சானது! 'ஆலை'யில் இருந்தது துதிக்கை 'லை'; எம்.ஜி.ஆர். ஆட்சியின் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது. கீழே ஒற்றைச் சொல்லில் தந்தி முகவரி. தந்திக்கு வார்த்தைக் கணக்கில் காசு என்பதால் அந்தச் சிக்கனம். தந்தி சேவையே 2013 ஜூலையில் நின்றுவிட்டது.

வேர்டில் பெயர், முகவரியை ஹெட்டரில் வைத்து, 'முதல் பக்கம் மட்டும் வேறு' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டாம் பக்கம் அந்நாளைய வெறுந்தாள் போலவே வரும். டெம்ப்ளேட்டாகச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் புதுத்தாள், மூலம் அழியாது.

ஒரு குறைதான். அச்சடித்த தாள் மிச்சப்பட்டு, காலத்தைச் சொல்லும். டெம்ப்ளேட்டில் முகவரியை மாற்றினால் பழையது சுவடின்றிப் போய்விடும். அதனால், மாற்றும் போதெல்லாம் பழையதை வருஷம் போட்டுத் தனியே வைக்கச் செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன்.