கருத்தடை மாத்திரையும் அதனுடன் வந்த தாளும்

ஒரு மருந்து நம் இல்லத்துள் நுழையும்பொழுது, அதன் வரலாறும் உடன் நுழைகின்றது. மருந்தை உண்பவர் பலர். அதன் வரலாற்றை அறிந்தவர் சிலர். அறியாமையால் விளையும் கேடு சில வேளைகளில் சிறிது. சில வேளைகளில் பெரிது.

சில ஆண்டுகளுக்கு முன், பள்ளி விட்ட ஒரு நண்பகலில், எம் மாணவி ஒருத்தியின் தந்தை அலுவலக வாயிலில் தயங்கி நின்றார். சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து, “ஐயா, இது வீட்டுல சாப்பிடுற மாத்திரையோட வந்தது. இங்கிலீசுல இருக்கு. ரெண்டு நாளு மறந்துட்டாங்க. என்ன செய்யணும்னு படிச்சுச் சொல்லுங்க” என்றார். அது கருத்தடை மாத்திரையின் விளக்கத்தாள். ஆசிரியர் பயிற்சியில் எத்தனையோ கற்றோம், இதனைக் கற்றோமில்லை. கூச்சத்தை ஒதுக்கிவிட்டுப் படித்துக் கூறினேன். கிளினிக்குத் தாதியையும் கேட்டுக்கொள்ளுமாறு சொல்லி அனுப்பினேன். அத்தாள் அப்பெட்டிக்குள் வந்து சேர்ந்ததற்கே ஒரு வரலாறு உண்டு என்பதைப் பின்னரே அறிந்தேன். அதனையே ஈண்டு எழுதுகின்றேன்.

கருவுற்ற பெண்ணின் உடலில் மீண்டும் சினைமுட்டை முதிர்ந்து வெளிப்படுவதில்லை. அதனைத் தடுத்து நிற்பது புரோஜெஸ்டிரோன் என்னும் சுரப்பு நீர். இதனைக் கருத்தடைக்குப் பயன்படுத்தலாம் என்பதற்கு 1921ஆம் ஆண்டிலேயே ஆஸ்திரிய நாட்டு இன்ஸ்புரூக் நகரத்து அறிஞர் லுட்விக் ஹாபர்லண்ட் விலங்குகளில் சோதனை செய்து வழிகாட்டினார். ஆயினும் விலங்குகளிடமிருந்து எடுக்கப்பட்ட அப்பொருள் பொன்னினும் விலை மிக்கதாயிருந்தது. அவ்விலையை வீழ்த்தியது மெக்சிகோ நாட்டுக் காட்டு வள்ளிக்கிழங்கு. அமெரிக்க வேதியியலார் ரஸ்ஸல் மார்க்கர் 1940களின் தொடக்கத்தில் அக்கிழங்கிலிருந்து புரோஜெஸ்டிரோனை ஆக்கிக் காட்டினார். 1944இல் மெக்சிகோ நகரில் சின்டெக்ஸ் என்னும் நிறுவனம் தோன்றியது. வாய்வழி உண்டாலும் வலிமை குன்றாத நோரெத்திஸ்டிரோன் என்னும் பொருளை 1951இல் அங்கேதான் கார்ல் ஜெராசி, ஜார்ஜ் ரோசன்கிராண்ஸ், லூயிஸ் மிராமொன்டெஸ் ஆகியோர் உருவாக்கினர். அதன்பின் சில காலத்திற்குள் சேர்ல் நிறுவனத்து ஃபிராங்க் கால்டன் நோரெத்தினோட்ரெல் என்பதனைக் கண்டார்.

பொருள் கிடைத்தது, முயற்சிக்குப் பணம் வேண்டுமே! பிள்ளைப்பேறு மிகுந்து நலிந்த ஏழைத் தாய்மார்க்காக நெடுங்காலம் போராடிய மார்கரெட் சாங்கர் அம்மையார், கிரெகரி பிங்கஸ் என்னும் உயிரியல் அறிஞரை நாடினார். காதரின் மக்கார்மிக் என்னும் செல்வப் பெண்மணி 1953 முதல் தம் பொருளை வாரி வழங்கினார். பிங்கஸும் அவர்தம் துணைவர் மின் சூயே சாங்கும் விலங்குகளில் ஆய்ந்தனர். கத்தோலிக்க மருத்துவராகிய ஜான் ராக் பெண்களிடம் ஆய்ந்தார்.

நிற்க. ‘கூட்டு மாத்திரை’ எனப் பெயர் வந்தது எங்ஙனம்? அது ஒரு தற்செயல். தொடக்கத்து மாத்திரைகளில் மெஸ்ட்ரனால் என்னும் ஈஸ்ட்ரோஜன் பொருள் மாசாகச் சிறிது கலந்திருந்தது. அதனை அகற்றித் தூய்மை செய்தபோது, பெண்களுக்கு இடையிடையே உதிரப்போக்கு மிகுந்தது. ஆகவே அகற்றியதை அளவறிந்து திரும்பச் சேர்த்தனர். அன்று முதல் ஈஸ்ட்ரோஜன் ஒன்றும் புரோஜெஸ்டோஜென் ஒன்றும் கூடியதே கூட்டு மாத்திரை ஆயிற்று.

ராக் வாழ்ந்த மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அந்நாளில் கருத்தடைக்குச் சட்டம் இடந்தரவில்லை. எனவே பெருஞ்சோதனை கடல் கடந்தது. 1956 ஏப்ரலில் போர்ட்டோ ரிக்கோ தீவின் ரியோ பியெத்ராஸ் பகுதியில், எளிய குடும்பங்கள் வாழ்ந்த குடியிருப்பு ஒன்றில் அது தொடங்கியது. மருந்து வேலை செய்தது. ஆனால் தலைசுற்றல், குமட்டல், தலைவலி எனப் பெண்கள் முறையிட்டனர். நூற்றுக்கு 17 பேர் இவ்வாறு துன்புற்றதைக் கண்ட மேற்பார்வை மருத்துவர் எட்ரிஸ் ரைஸ்-ரே, இது பொதுப் பயன்பாட்டிற்கு ஏற்றதன்று என அறிக்கை தந்தார். பிங்கஸ் அதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை. தாம் உண்பது இன்னும் சோதனையிலுள்ள மருந்து என்பதும் அப்பெண்களுக்கு விளங்க உரைக்கப்படவில்லை. உழைக்கும் ஏழை மக்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நாம், இவ்விடத்தைக் கடந்து விரைந்து செல்ல இயலுமோ?

எனோவிட் என்னும் அம்மாத்திரை 1957இல் மாதவிடாய்க் கோளாறுகளுக்கும், 1960இல் கருத்தடைக்கும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மறு ஆண்டே, 1961 நவம்பரில், ஆங்கில மருத்துவர் ஒருவர் இம்மருந்தை உண்ட தாதி ஒருவருக்கு நுரையீரலில் குருதிக்கட்டி அடைத்ததை மருத்துவ இதழில் எழுதினார். அத்தகைய செய்திகள் பெருகின. 1969இல் பார்பரா சீமன் என்னும் எழுத்தாளர் இக்குறைகளைத் தொகுத்து நூலாக்கினார். 1970 ஜனவரியில் அமெரிக்க மேலவையில் கேலார்ட் நெல்சன் தலைமையில் விசாரணை நடந்தது. மாத்திரை உண்ட பெண்களுள் ஒருவரும் சான்று கூற அழைக்கப்படவில்லை. பார்வையாளர் வரிசையில் இருந்த பெண்கள் எழுந்து, “எங்களை ஏன் கேட்கவில்லை?” என்று முழங்கினர். அதன் பயனாக அவ்வாண்டிலேயே மாத்திரையுடன் விளக்கத்தாள் வைக்கவேண்டும் என்னும் ஆணை பிறந்தது. முதலில் அது சில வரிகளே, 1978இல் விரிவாயிற்று. அன்று எம் அலுவலக மேசைமீது விரிந்த தாள் இப்போராட்டத்தின் வழித்தோன்றலே.

மருந்தின் அளவும் குறைந்தது. முதல் எனோவிட்டில் 150 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன் இருந்தது. இன்று பெரும்பாலான கூட்டு மாத்திரைகளில் 20 முதல் 35 மைக்ரோகிராம் வரையே உள்ளது. ஆயினும் இடர் முற்றும் நீங்கிற்றில்லை. மாத்திரை உண்ணாத, கருவுறாத 10,000 பெண்களுள் ஓராண்டில் 1 முதல் 5 பேர்க்கும், உண்பவருள் 3 முதல் 9 பேர்க்கும் குருதிக்கட்டி தோன்றும் என்பது அமெரிக்க மருந்துத் துறையின் கணக்கு. கருவுற்றோர்க்கு அது 5 முதல் 20. பிள்ளைப்பேற்றுக்குப் பிந்திய 12 வாரங்களில் 40 முதல் 65. ஆகவே வீண் அச்சமும் வேண்டா, பொருட்படுத்தாமையும் வேண்டா.

எவர் இதனை உண்ணலாகாது? முன்பு குருதிக்கட்டி, மாரடைப்பு, பக்கவாதம் கண்டவர், மிகு இரத்த அழுத்தம் உடையவர், 35 வயதைக் கடந்தும் புகைப்பவர், கண்முன் ஒளிக்கீற்றுத் தோன்றும் ஒற்றைத் தலைவலி உடையவர், மார்பகப் புற்றுநோய் கண்டவர், கடும் ஈரல் நோயினர் ஆகியோர். பிள்ளை பெற்ற தொடக்க வாரங்களிலும், தாய்ப்பால் மட்டுமே ஊட்டும் முதல் ஆறு மாதங்களிலும் வேறு முறையே தக்கது. இரத்த அழுத்தம் பாராமல் தொடங்குதல் கூடாது. காசநோய்க்குரிய ரிஃபாம்பிசின், வலிப்பு நோய்க்குரிய சில மருந்துகள் ஆகியன மாத்திரையின் வலிமையைக் கெடுக்கும்; அவற்றை உண்பவர் மருத்துவரிடம் சொல்லுதல் வேண்டும்.

இனி உண்ணும் முறை. நாள்தோறும் ஒன்று, ஒரே நேரத்தில். மாதவிடாய் தொடங்கிய முதல் ஐந்து நாள்களுள் தொடங்கினால் உடனே பயன் உண்டு. வேறு நாளில் தொடங்கினால் முதல் ஏழு நாள்களுக்கு ஆணுறை வேண்டும். 21 மாத்திரைப் பெட்டியில் ஏழு நாள் இடைவெளி உண்டு. 28 மாத்திரைப் பெட்டிகள் பலவற்றில் இறுதி ஏழில் மருந்தில்லை. இவ்வேழு நாள்களில் சூலகம் மெல்ல விழிக்கத் தொடங்குகின்றது. ஆகவே இடைவெளியை நீட்டுவதே பெருந்தவறு. பெட்டியின் தொடக்கத்திலும் முடிவிலும் மறப்பது இதனாலேயே மிகக் கேடு தரும்.

ஒன்றை மறந்தால், நினைவு வந்தவுடன் உண்க. ஒரே நாளில் இரண்டு ஆயினும் குற்றமில்லை. தொடர்ந்து இரண்டோ மேலோ மறந்தால், இறுதியாக மறந்ததை மட்டும் உடனே உண்டு, ஏனையவற்றை விட்டுவிட்டு, வழக்கம்போல் தொடர்க. மருந்துள்ள மாத்திரைகளை ஏழு நாள் விடாது உண்ணும்வரை ஆணுறை வேண்டும். மருந்துள்ள இறுதி வாரத்தில் இவ்வாறு நேர்ந்தால், இடைவெளி விடாமல் புதுப்பெட்டியைத் தொடங்குக. முதல் வாரத்தில் நேர்ந்து, பாதுகாப்பின்றிக் கூடியிருந்தால், அவசரக் கருத்தடை பற்றித் தாமதமின்றிக் கிளினிக்கில் கேட்க. உண்ட மூன்று மணி நேரத்திற்குள் வாந்தியெடுத்தால் இன்னொன்று உண்க. ஒருகால் வீங்கி வலித்தல், திடீர் நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், கடுந்தலைவலி, பார்வை மங்கல், கடும் வயிற்றுவலி ஆகியன தோன்றின் அன்றே மருத்துவமனை செல்க. பால்வினை நோய்களை இம்மாத்திரை தடுக்காது என்பதும் நினைவிற்குரியது.

மறதி புதிதன்று. அமெரிக்கப் பொறியாளர் டேவிட் வாக்னர், தம் மனைவி அன்றைய மாத்திரையை உண்டாரா என்னும் ஐயத்தைத் தீர்க்கவே, 1960களின் தொடக்கத்தில் நாள் காட்டும் மாத்திரைப் பெட்டியை ஆக்கினார். பிழையின்றி உண்டால் ஓராண்டில் ஆயிரத்தில் மூவரே கருவுறுவர். வழக்கமான மறதியோடு உண்டால் நூற்றுக்கு எழுவர். முறை ஒன்றே, வேறுபாடு கைக்கொள்ளும் ஒழுங்கில் உள்ளது. வருகைப் பதிவேட்டின் அருமை அறிந்த ஆசிரியர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டா.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 1966இல் அரசாங்கக் குடும்பத் திட்ட வாரியங்கள் தோன்றின. மாத்திரை அன்றே நம் மக்களின் கைக்கு வந்துவிட்டது. அதற்குரிய அறிவு அவர்தம் மொழியில் வந்ததா? பெண்கள் குரலெழுப்பிப் பெற்ற தாளை, படிக்க இயலாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஒரு தந்தை வந்து நின்றார். அவர் கூச்சத்தை வென்று வந்தார். அவ்வாறு வாராதவர் எத்தனை பேர்! பெற்றோர் கூட்டத்தின்போது கிளினிக்குத் தாதி ஒருவரை அழைத்துத் தாய்மார்க்குத் தமிழில் பேச அரைமணி நேரம் ஒதுக்குவது எந்தப் பள்ளிக்கும் இயலும். எம் பள்ளியில் அதனைத் தொடங்கினோம். முதற் கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து எழுந்த முதற் கேள்வி, “மறந்துட்டா என்ன செய்யணும்?” என்பதே.