நெருப்பில் காத்த கனியும் பனியில் காத்த கனியும்

பொன்முடி மலையடிவாரத்தில், வித்துராவில் வாழும் நம் தமிழ்க் குடும்பத்தார்க்குக் கூழன் சக்கையைப் பற்றி எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பலாவைச் சக்கை என்பது மலையாள வழக்கு மட்டுமன்று. நம்மிற் பலருடைய முன்னோர் ஊர்களான கல்குளமும் விளவங்கோடும் 1956 நவம்பர் 1 வரை இந்நாட்டோடு ஒரே ஆட்சியின்கீழ் இருந்தவை. சொல்லும் சுவையும் அன்றே பொதுவாயின. வருக்கைக்குக் கிட்டும் மதிப்பு கூழனுக்குக் கிட்டுவதில்லை. இடவப்பாதி மழை தொடங்கியதும் அது பழுத்து வீழ்ந்து, ஈ மொய்த்து, மண்ணோடு மண்ணாகிறது. கேரள அரசு 2018இல் பலாவை மாநிலக் கனியாக அறிவித்தது. தமிழ்நாட்டின் மாநிலக் கனியும் அதுவே. இரு மாநிலத்தாரும் முடிசூட்டிய கனி நம் வேலியோரத்தில் அழுகிக் கிடக்கிறது!

நம் பாட்டிமார் அதனை அழுக விட்டாரல்லர். கூழன் சுளையின் நாரை அரித்து நீக்கி, வெல்லமும் நெய்யும் சேர்த்து, உருளியில் நெடுநேரம் கிளறிச் சக்கை வரட்டியாக்கிப் பரணியில் இட்டு வைத்தனர். நெருப்பினால் நீரை வற்றச் செய்து கனியைக் காத்த முறை அது. குளிரினால் காக்கும் முறை நம் வீடுகளை எட்டிய வரலாறோ மிக நெடியது.

அக்பர் காலத்தில் வெடியுப்பைக் கொண்டு குடிநீரைக் குளிர்வித்ததையும், வடமலைகளிலிருந்து பனி தருவித்ததையும் அயினி அக்பரி குறிக்கிறது. பிற்காலத்தில் கங்கைச் சமவெளியில், குளிர்கால இரவுகளில், வைக்கோல் பரப்பிய குழிகளில் மண் தட்டுகளை வைத்து நீரூற்றி, விடியுமுன் மெல்லிய பனித் தகடுகளைத் திரட்டினர். தென்னாட்டுக் கடற்கரையில் அத்தகைய குளிருக்கு எங்கே போவது?

விடை அமெரிக்காவிலிருந்து வந்தது. பாஸ்டன் நகர வணிகர் பிரெடரிக் டியூடர் என்பார், 1833 மே மாதத்தில் டஸ்கனி என்னும் கப்பலில் 180 டன் பனிக்கட்டியைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு திங்கள் கடலில் கழிந்து செப்டம்பரில் கப்பல் கரை சேர்ந்தபோது, ஏறத்தாழ 100 டன் உருகாமல் எஞ்சியிருந்ததாம். உறைந்த குளங்களை வாளால் அறுத்து எடுத்த கட்டிகள் அவை. சென்னைக் கடற்கரையில் 1842இல் அவற்றுக்கெனக் கிடங்கொன்று எழுந்தது. அதுவே ஐஸ் ஹவுஸ். ஆங்கிலத் துரைமாரும் செல்வருமே பெரும்பாலும் அக்குளிரை நுகர்ந்தனர். கரையில் மூட்டை சுமந்தவர் வியர்வையே நுகர்ந்திருப்பர். 1870களில் பொறிகளால் இங்கேயே பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும் அவ்வணிகம் தேய்ந்தது. பின்னர் அக்கட்டடம் பிலிகிரி ஐயங்கார் வசமாயிற்று; 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கே தங்கினார். 1963இல் விவேகானந்தர் இல்லம் எனப் பெயரிட்டும், அப்பகுதியை மக்கள் இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றே அழைக்கின்றனர்.

சென்னைக் கிடங்கு எழுந்ததற்கு மறு ஆண்டில், 1843இல், அமெரிக்காவில் நான்சி ஜான்சன் என்னும் பெண்மணி கையால் சுழற்றிப் பனிக்கூழ் செய்யும் வாளிக்கு உரிமம் பெற்றார். என் நோக்கில், கப்பல் வணிகரினும் இவரே நமக்கு நெருங்கியவர். இவர் வாளியில் பயன்பட்ட தத்துவம் முன்பே அறியப்பட்டதுதான். மூன்று பங்கு பனிக்கட்டியுடன் ஒரு பங்கு உப்பைக் கலந்தால், உப்பு பனியை உருகச் செய்யும். உருகும் பனி சுற்றியுள்ள வெப்பத்தை ஈர்க்கும். உப்புநீரோ எளிதில் உறையாது. எனவே சுழியத்துக்குக் கீழ் 20 பாகை வரைகூடக் குளிர் இறங்கும். மின்சாரம் நின்றுபோகும் மழை நாளிலும் கல்லுப்பும் பனிக்கட்டியும் மூடி இறுகிய தூக்குப் பாத்திரமும் இருப்பின் இது கைகூடும்.

இவ்வளவு ஏன் என்பீர்கள். என் இளைய மகன் சிறுவனாயிருந்தபோது, தெருவில் வாங்கிய சிவப்புக் குச்சி ஐஸைத் தின்று ஒரு வாரம் வயிற்றுப்போக்கில் வாடினான். மருத்துவர் சாயத்தைப் பற்றிக் கேட்கவில்லை. நீர் எங்கே எடுத்தது என்றே கேட்டார். உறைவதனால் நோய்க்கிருமிகள் எல்லாம் மடிவதில்லை. பல உறங்கிக் கிடந்து, உடலின் சூட்டில் விழித்துக்கொள்கின்றன. அன்று முதல் எம் வீட்டில் காய்ச்சி ஆற்றிய நீரன்றி வேறு நீர் கனிச்சாற்றில் கலப்பதில்லை.

கூழன் சுளையைக் கொட்டை நீக்கிப் பிசைந்து, கண்ணறைச் சல்லடையில் அரித்து, சிறிது தேங்காய்ப் பால் சேர்த்து உறைய வைக்கலாம். குளிர்ந்த நாவுக்கு இனிப்பு குறைவாகவே தோன்றும்; கடைச் சரக்கில் சர்க்கரை மிகுவதற்கு அதுவும் ஒரு காரணம். நன்கு கனிந்த கூழனுக்கோ சர்க்கரையே வேண்டா. ஆயின் சர்க்கரை குறைந்தால் பாறைபோல் இறுகும். ஆதலின் அரைமணிக்கு ஒருமுறை கிளறிவிடுதல் வேண்டும். அன்னாசியைப் பச்சையாகப் பாலுடன் சேர்த்தால் கசக்கும். முதலில் ஒரு கொதி வைத்துக்கொள்க. மட்டிப்பழத்துக்கு நீரும் வேண்டா, பாலும் வேண்டா. உறைய வைத்து அரைத்தாலே வெண்ணெய்போல் ஆகும்.

சென்ற இடவ மாதத்தில் நம் காலனிப் பிள்ளைகள் தூக்குப் பாத்திரத்தை மாறி மாறி உருட்டிக் கூழன் பனிக்கூழ் செய்தனர். எழுபது கடந்த மாமி ஒருவர் ஒரு கரண்டி வாங்கிச் சுவைத்தார். இன்னும் ஒரு கரண்டி வாங்கினார். பிறகே, “எல்லாம் சரி, நெய் மணம் இல்லையே” என்றார்.