ஹவாய், 38 நிமிஷம்: யாரும் அழுத்தாத 'தப்பான பட்டன்'

இந்த எபிசோட்ல 2018-ம் வருஷத்து ஹவாய்க்குப் போறோம். ஒரு அரசாங்க அவசரகால நிறுவனம் பெரிய தப்பு ஒண்ணு பண்ணுது. அந்தத் தப்பு உங்கள்ல பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். ஆனா அதுக்கு அவங்க ஊருக்குச் சொன்ன காரணம் 17 நாள்ல தலைகீழா மாறிச்சு. நான் பேச வந்தது அதைப் பத்தி.

முதல்ல பின்னணி. 2017 நவம்பர் கடைசியில் வடகொரியா ஹ்வாசாங்-15 ஏவுகணையை சோதிச்சுது. அமெரிக்காவோட எந்த மூலைக்கும் போய்ச் சேரக்கூடியதுன்னு அப்போ பேசினாங்க. டிசம்பர் 1-ம் தேதி, பனிப்போர் முடிஞ்சதுக்கு அப்புறம் முதல் தடவையா, ஹவாய்ல அணுத் தாக்குதல் எச்சரிக்கை சைரனை ஒலிக்க விட்டுப் பாத்தாங்க. ஏவுகணை கிளம்பினா வந்து விழ சுமார் 20 நிமிஷம்தான் ஆகும்னு அதிகாரிகளே சொல்லி வெச்சிருந்தாங்க. அதனால மக்கள் ஏற்கெனவே பயந்துபோய்த்தான் இருந்தாங்க.

2018 ஜனவரி 13, சனிக்கிழமை. காலை 8:07. ஹவாய் மாநிலத்துல இருந்த போன் எல்லாம் ஒரே நேரத்துல அலறுது. ஏவுகணை ஹவாயை நோக்கி வருது, உடனே பாதுகாப்பான இடத்துக்குப் போங்க, இது பயிற்சி இல்லை. இதுதான் செய்தி. 2023-ல நம்ம ஊர்லயும் போன் எல்லாம் ஒரே நேரத்துல கத்தி ஒரு டெஸ்ட் மெசேஜ் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? அதே மாதிரி செல் டவர் வழியா மொத்தமா அனுப்புற தொழில்நுட்பம்தான். வித்தியாசம் என்னன்னா, அங்க வந்த மெசேஜ்ல டெஸ்ட்டுனு போடல.

சுமார் 14 லட்சம் பேர் வாழுற மாநிலம். ஒரு குழந்தையை சாலையோரச் சாக்கடைக் குழிக்குள்ள இறக்கிவிடுற வீடியோ ஒண்ணு அன்னைக்கு உலகம் முழுக்கச் சுத்திச்சு. பிள்ளைங்களுக்கு போன் பண்ணி விடை சொன்ன கொஞ்ச நேரத்துல ஒருத்தருக்கு மாரடைப்பு. அவர் பிழைச்சு, அப்புறம் மாநில அரசு மேல வழக்கு போட்டார்.

அலர்ட் பொய்ன்னு நிறுவனத்துக்கு எப்பத் தெரிஞ்சுது? ரெண்டு மூணு நிமிஷத்துலயே. 8:09-க்கு கவர்னர் டேவிட் இகேக்குத் தகவல் போயிடுச்சு. 8:12-க்கு சிஸ்டத்துல 'கேன்சல்' கொடுத்தாங்க. ஆனா இந்த கேன்சல் செய்யுற வேலை, அலர்ட் மறுபடி மறுபடி ஒலிபரப்பாகாம நிறுத்துறது மட்டும்தான். ஏற்கெனவே வாங்கின போனுக்கு 'அது பொய்'னு சொல்லாது. அதுக்குத் தனியா ஒரு திருத்தச் செய்தி அனுப்பணும். அப்படி ஒரு செய்திக்கான டெம்ப்ளேட்டே அவங்ககிட்ட இல்ல! 8:20-க்கு ட்விட்டர்ல 'ஏவுகணை அபாயம் இல்லை'ன்னு போட்டாங்க. கவர்னர் ட்விட்டருக்கு வந்து சேர 8:24 ஆச்சு. லாகின் விவரம் மறந்துபோச்சுன்னு பின்னாடி அவரே நிருபர்கள்கிட்ட ஒத்துக்கிட்டார். எந்த வகைக் குறியீட்டுல திருத்தத்தை அனுப்பலாம்னு மத்திய நிறுவனமான ஃபீமாவுக்கு போன் பண்ணிக் கேட்டு, செய்தியைப் புதுசா டைப் பண்ணி, போன்களுக்கு அனுப்பும்போது மணி 8:45. மொத்தம் 38 நிமிஷம். ஏவுகணை வந்து விழ எடுக்கிற நேரத்தை விட இது அதிகம்.

அன்னைக்கே பத்திரிகையாளர் சந்திப்பு நடந்தது. கவர்னரும் நிறுவனத் தலைவர் வெர்ன் மியாகியும் சொன்ன காரணம்: ஷிஃப்ட் மாறும்போது வழக்கமா செய்யுற சோதனை, ஊழியர் ஒருத்தர் தப்பான பட்டனை அழுத்திட்டார். கேட்டவங்களுக்கு உடனே புரியுற கதை. நம்ம எல்லாருமே தப்பான பட்டனை அழுத்தியிருக்கோமே.

ரெண்டு நாள் கழிச்சு, ஊழியர் பாத்த திரை இதுதான்னு கவர்னர் அலுவலகம் ஒரு ஸ்கிரீன்ஷாட்டைக் கொடுத்தது. ஹொனலுலு சிவில் பீட்ங்கிற செய்தி நிறுவனம் அதை வெளியிட்டது. நீல எழுத்துல லிங்க்குகளோட வரிசை. மலைச்சரிவு, அலை எச்சரிக்கை, சுனாமி எல்லாம் கலந்து கிடக்கு. அசல் ஏவுகணை அலர்ட்டும் அதோட பயிற்சி அலர்ட்டும் கிட்டத்தட்ட ஒரே பேர்ல இருக்கு. டிசைன் உலகமே பொங்கிச்சு. திரையைத் திருத்தி வரைஞ்சு போட்டாங்க, மோசமான யூ.ஐ.க்கு உதாரணமா எடுத்துக்கிட்டாங்க.

அடுத்த நாளே நிறுவனத்தோட செய்தித் தொடர்பாளர், அது அசல் திரை இல்லைன்னு சொன்னார். பதிலுக்கு இன்னொரு மாதிரிப் படம் கொடுத்தாங்க, அதுவும் அசல் இல்ல. அசலைக் காட்ட முடியாது, பாதுகாப்புக் காரணம்னு சொன்னாங்க. இந்த இடத்துல சும்மா ஒரு தகவல்: 2017 ஜூலைல அதே அலுவலகத்துல எடுத்து ஏ.பி. செய்தி நிறுவனம் வெளியிட்ட புகைப்படத்துல, மானிட்டர் மேல ஒட்டியிருந்த மஞ்சள் தாள்ல பாஸ்வேர்டு எழுதியிருந்தது தெரிஞ்சுது. அது நிஜமான பாஸ்வேர்டுதான்னு அதே செய்தித் தொடர்பாளர் உறுதிப்படுத்தினார்.

ஜனவரி 30-ம் தேதி எல்லாம் மாறிச்சு. அமெரிக்காவோட தகவல் தொடர்பு ஆணையம் எஃப்.சி.சி. தன்னோட முதற்கட்ட அறிக்கையைப் பொதுவில் வெச்சது. மாநிலமும் தன் விசாரணை முடிவை அன்னைக்கே வெளியிட்டது. அதுல தெரிய வந்தது: அலர்ட்டை அனுப்பின ஊழியர் கைதவறி அனுப்பல. ஏவுகணை நிஜமாவே வருதுன்னு நம்பித்தான் அனுப்பினார்.

நடந்தது இதுதான். இரவு ஷிஃப்ட் மேற்பார்வையாளர், முன்கூட்டியே சொல்லாம ஒரு டிரில் நடத்த முடிவு பண்றார். பசிபிக் ராணுவத் தலைமையகத்துல இருந்து பேசுற மாதிரி பதிவுசெஞ்ச ஒரு குரலை ஓட விடுறார். அதோட ஆரம்பத்துலயும் முடிவுலயும் 'பயிற்சி, பயிற்சி, பயிற்சி'ன்னு வருது. ஆனா நடுவுல 'இது பயிற்சி அல்ல'ங்கிற வாக்கியமும் வருது. விதிமுறையில இருந்த வசனம் அது இல்ல. பகல் ஷிஃப்ட் மேற்பார்வையாளரோ, டிரில் இரவு ஷிஃப்ட்டுக்குத்தான்னு நினைச்சுக்கிட்டார். அதனால பகல் ஊழியர்களைக் கவனிக்க அங்க அவர் இல்ல. அறையில மத்தவங்களுக்கு டிரில்னு புரிஞ்சுது. இவருக்கு 'பயிற்சி'ங்கிற வார்த்தை காதுல விழல, இன்னொரு வாக்கியம் விழுந்துச்சு. இப்படித்தான் அவர் எழுத்துல சொன்னார். எஃப்.சி.சி. அவரை நேர்ல விசாரிக்க முடியல. நிறுவனம் அனுப்பி வெச்ச அந்த எழுத்து வாக்குமூலத்தைத்தான் பாத்தாங்க. இதுக்கு முன்னாடியும் ரெண்டு தடவை அவர் பயிற்சியை நிஜம்னு குழப்பிக்கிட்டதா மாநில அறிக்கை சொல்லுது.

சாஃப்ட்வேர்ல வேலை பாக்குறவங்க இதைக் கொஞ்சம் யோசிங்க. 'தப்பான பட்டன்' காரணம் உண்மைன்னா, தீர்வு பட்டனைத் தள்ளி வெக்கிறது, கலரை மாத்துறது, 'நிச்சயமா அனுப்பணுமா?'ன்னு கேக்குறது. அந்தக் கேள்வியை அவங்க சிஸ்டம் ஏற்கெனவே கேட்டுச்சு. டெஸ்ட்டுக்கும் அசலுக்கும் அதே வாசகம்தான். நிஜம்னு நம்புற ஆள் அதுக்கு ஆமான்னுதான் சொல்வார். எவ்வளவு அழகான திரை இருந்தாலும் அன்னைக்கு அலர்ட் போயிருக்கும். ரெண்டு வாரமா உலகத்துல பாதி பேர் இல்லாத பக்குக்கு பேட்ச் எழுதிக்கிட்டு இருந்தாங்க, அதுவும் போலியான ஸ்கிரீன்ஷாட்டை வெச்சு.

அப்போ என்ன இருந்திருந்தா தடுத்திருக்கும்? எஃப்.சி.சி. அறிக்கை கைகாட்டுறது இங்கதான்: 14 லட்சம் பேருக்குப் போற செய்தியை ஒருத்தர் தனியா அனுப்ப முடிஞ்சது, ரெண்டாவது ஆளோட ஒப்புதல் தேவைப்படல. பயிற்சியும் அசலும் ஒரே சிஸ்டத்துல. பொய் அலர்ட் போயிட்டா என்ன பண்ணணும்னு எந்த வழிமுறையும் இல்ல. இது எதையும் அந்த ஊழியர் முடிவு பண்ணல. ரெண்டு பேர் ஒப்புதல்ங்கிற விதியை நிறுவனம் சம்பவத்துக்கு அப்புறம் உடனே கொண்டு வந்தது, அதைச் சொல்லணும். ஆனா 'ஒருத்தர் கை தவறிடுச்சு'ங்கிற கதை நீடிக்கிற வரைக்கும், இந்த விதி முன்னாடியே ஏன் இல்லைன்னு மியாகியை நோக்கிக் கேக்க வேண்டிய கேள்வியோட கூர்மை குறைஞ்சுதான் இருந்தது. அவங்க திட்டமிட்டுப் பொய் சொன்னாங்கன்னு நான் சொல்லல. பாதி தெரிஞ்ச நிலையில, தங்களுக்கு வசதியான பாதியைச் சொன்னாங்க. வெளியே இருந்து கேக்குற அதிகாரமும், கேட்டதை வெளியிடுற வழக்கமும் உள்ள இன்னொரு அமைப்பு இருந்ததாலதான் மீதி வெளிய வந்தது.

ஊழியரை வேலையிலிருந்து நீக்கினாங்க. ஜனவரி 30-ம் தேதி மியாகியும் ராஜினாமா பண்ணார். எஃப்.சி.சி.யோட இறுதி அறிக்கை ஏப்ரல்ல வந்தது, நிமிஷக் கணக்கோட.

ஹவாய் சம்பவம் நடந்து மூணே நாள்ல, ஜனவரி 16-ம் தேதி, ஜப்பானோட என்.எச்.கே. ஒலிபரப்பு நிறுவனமும் வடகொரியா ஏவுகணை ஏவினதா தப்பா ஒரு அலர்ட் அனுப்பிச்சு. அஞ்சு நிமிஷத்துல திருத்தி, மன்னிப்புக் கேட்டாங்க.

ஹவாய் விஷயத்துல கடைசியா ஒண்ணு. அமெரிக்காவோட நோய்க் கட்டுப்பாட்டு மையம் சி.டி.சி., அன்னைக்கு மக்கள் போட்ட ட்வீட்டுகளை எடுத்து ஆராய்ஞ்சு 2019 பிப்ரவரியில வெளியிட்டது. அந்த 38 நிமிஷத்துக்குள்ள வந்த ட்வீட்டுகள்ல என்ன நடக்குது, உண்மையா, யாருக்காவது தெரியுமாங்கிற தவிப்பு. திருத்தச் செய்தி வந்ததுக்கு அப்புறம் வந்ததுல நிம்மதி இருந்திருக்கும்னு நினைப்போம் இல்லையா? அதுல அவங்க புதுசா கண்ட விஷயங்கள்ல ஒண்ணு, அதிகாரிகள் மேல அவநம்பிக்கை.