சீதக்காதி: பெயரும் பொருளும்

'சீதக்காதி' என்றதும் கீழக்கரை வள்ளல் நம் நினைவுக்கு வருவார். 17-ம் நூற்றாண்டில் வாழ்ந்து, சீறாப்புராணம் இயற்ற உமறுப் புலவருக்கு உதவிய அவரின் இயற்பெயர் ஷெய்கு அப்துல் காதிர். தமிழ் மக்களின் நாவில் அதுவே சீதக்காதி ஆனது.

'ஷெய்கு' என்றால் பெரியவர்; 'அப்து' என்றால் அடியார்; 'அல்காதிர்' என்றால் பேராற்றல் உடையவன். இது அல்லாஹ்வின் அழகிய திருநாமங்களில் ஒன்று. பக்தாதில் 1166-ல் மறைந்த அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களின் நினைவாகவும் நம் முன்னோர் இப்பெயரை விரும்பிச் சூட்டினர்.

இன்று சிங்கப்பெருமாள் கோவிலானாலும் கீழக்கரையானாலும் 'காதர் பாய்' என்று சுருக்கி அழைக்கிறோம். அப்போது 'அடியார்' என்னும் பொருளே விடுபட்டுப் போகிறது. பிள்ளைக்கு இப்பெயர் சூட்டினால், பிறப்புச் சான்றிதழில் 'அப்துல் காதிர்' என முழுமையாக எழுதுவோம். வீட்டிலும் அப்படியே அழைப்போம்.