எட்டு பாகம், ஒரு பட்ஜெட்: அசெம்பிள்டு கேமிங் கம்ப்யூட்டரின் கதை

கல்பாக்கத்தில் வேலை பார்ப்பவர்களுக்காக அணுசக்தித் துறை கட்டிய இரண்டு குடியிருப்புகளில் ஒன்று அணுபுரம். கல்பாக்கத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் பக்கத்தில் இருக்கிறது. இங்கிருந்து சென்னை ரிச்சி தெரு ஏறக்குறைய 70 கி.மீ. கேம் விளையாட ஒரு கம்ப்யூட்டர் சேர்க்க நினைக்கும் மாணவனுக்கு இந்த 70 கி.மீ. சாதாரண விஷயம் இல்லை. ஒரு பாகம் தப்பாகப் போனால் ஒரு நாளும் பஸ் காசும் போச்சு. அதைவிட முக்கியம், வீட்டில் இப்படி ஒரு செலவுக்கு ஒருமுறைதான் "சரி" சொல்வார்கள். இரண்டாவது தடவை கேட்க முடியாது!

அதனால் எந்தப் பாகத்துக்கு எவ்வளவு என்பது முழுக்க முழுக்க பட்ஜெட் கேள்வி. அதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது.

பாகம் பாகமாக வாங்க முடிந்தது எப்படி?

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. சீக்கிரம் முடிக்க வேண்டும் என்பதால் கடையில் கிடைக்கும் பாகங்களை வைத்தே கட்டினார்கள். ப்ராசஸர் இன்டெலுடையது (8088), இயங்குதளம் மைக்ரோசாஃப்டுடையது. ஐபிஎம்முக்கே சொந்தமாக இருந்த முக்கியமான விஷயம் பயாஸ் மென்பொருள்தான். அதையும் காம்பாக் நிறுவனம் சட்டத்துக்கு உட்பட்டு புதிதாக எழுதிவிட்டது. பிறகு ஃபீனிக்ஸ் நிறுவனம் இதே மாதிரி ஒரு பயாஸை எல்லோருக்கும் விற்க ஆரம்பித்தது. அப்புறம் யார் வேண்டுமானாலும் பிசி செய்யலாம் என்றாகிவிட்டது. 1995-இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அளவுமுறையால் ஒரு கம்பெனி மதர்போர்டு இன்னொரு கம்பெனி கேபினட்டில் பொருந்தியது.

இந்தியாவில் தடையாக இருந்தது இறக்குமதி வரி. 1997-இல் இந்தியா உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அதன்படி கம்ப்யூட்டர் பொருட்கள் மீதான சுங்க வரி படிப்படியாகக் குறைந்து 2005-க்குள் பெரும்பாலும் பூஜ்ஜியத்துக்கு வந்தது. அண்ணா சாலை அருகே ரேடியோ, டிவி உதிரி பாகங்களுக்குப் பேர் போன ரிச்சி தெருவும் அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவும் கம்ப்யூட்டர் சந்தையாக வளர்ந்த காலம் இதுதான். பிராண்டட் கம்ப்யூட்டர் வாங்க முடியாத வீடுகளுக்கு "அசெம்பிள்டு" வந்து சேர்ந்தது.

விஞ்ஞானிகளும் இதைத்தான் செய்தார்கள்

கடைப் பாகங்களை வைத்து பெரிய வேலை செய்யலாம் என்பதை அணுசக்தித் துறையே காட்டியிருக்கிறது. 1980களில் சூப்பர் கம்ப்யூட்டர்களை இந்தியாவுக்கு விற்க அமெரிக்கா தயங்கியது. டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் 1991-இல் இன்டெலின் ஐ860 ப்ராசஸர்களை இணைத்து "அனுபம்" என்ற கணினியை உருவாக்கியது. பின்னால் வந்த அனுபம்களில் சாதாரண பென்டியம் பிசிக்களையே இணைத்தார்கள். சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் 144 கணினிகளை இணைத்து உருவாக்கிய "கப்ரு", 2004 ஜூனில் உலகின் டாப் 500 பட்டியலில் இடம் பிடித்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர்கள் முதலில் கணக்கு என்ன என்று பார்த்தார்கள், பிறகுதான் பாகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கேமிங்கிலும் அதே வரிசைதான். எந்த கேம், எந்த மானிட்டர் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். ஆனால் பலர் பெட்டியில் இருக்கும் நம்பரைப் பார்த்து ஆரம்பிக்கிறார்கள். ஏமாறுவது அங்கேதான்.

1998: விலை குறைந்தது ஜெயித்தது

1998 ஆகஸ்டில் இன்டெலின் செலிரான் 300ஏ வந்தது. சிக்கன வாடிக்கையாளருக்கான 300 மெகாஹெர்ட்ஸ் ப்ராசஸர். மதர்போர்டில் பஸ் வேகத்தை 66-லிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் பெரும்பாலான சில்லுகள் 450-இல் ஓடின. கேமில் பல மடங்கு விலையுள்ள பென்டியம் 2-க்கு பக்கத்தில் போய் நின்றது. காரணம், உள்ளேயே இருந்த 128 கேபி கேஷ். அளவில் சிறியது, ஆனால் ப்ராசஸரின் முழு வேகத்தில் ஓடியது. பென்டியம் 2-இன் 512 கேபி கேஷ் பாதி வேகம்தான்.

மிச்சமான பணம் கிராபிக்ஸ் கார்டுக்குப் போனது. வணிகவியலில் இதை வாய்ப்புச் செலவு என்போம். ப்ராசஸரில் தேவையில்லாமல் போடும் ஒவ்வொரு ஆயிரமும் கார்டிலிருந்து பிடுங்கிய ஆயிரம்.

2002: நம்பர் பெரிது, கார்டு சிறிது

எதிர்ப் பாடமும் உண்டு. 2001-இல் என்விடியாவின் ஜீஃபோர்ஸ் 3 வந்தது. பிக்சல் ஷேடர் என்ற வசதி அதில் இருந்தது. 2002-இல் ஜீஃபோர்ஸ் 4 எம்எக்ஸ் 440 வந்தது. பெயரில் 4 இருந்தாலும் உள்ளே இருந்தது ஜீஃபோர்ஸ் 2 வழிவந்த அமைப்பு. பிக்சல் ஷேடர் கிடையாது! விலை குறைவு என்பதால் நிறைய விற்றது. 2003-இல் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம் வந்தபோது இந்தக் கார்டுக்கு ஆதரவு இல்லை. கேம் மெதுவாக ஓடவில்லை என்பதல்ல, ஓடவே இல்லை.

அதே வருடம் வந்த எஃப்எக்ஸ் 5200-ஐ 256 எம்பி மெமரியோடும் விற்றார்கள். 64 எம்பி உள்ள பழைய டிஐ 4200 பெரும்பாலான கேம்களில் அதைவிட வேகம். கார்டின் மெமரி என்பது குடோன் மாதிரி. குடோன் பெரிதாக இருந்து வேலையாள் குறைவாக இருந்தால் சரக்கு நகருமா?

யாரும் கேட்காத பாகம்

பட்ஜெட் போடும்போது கடைசியில் மாட்டுவது எஸ்எம்பிஎஸ். கேபினட்டோடு சேர்த்து வருவதால் யாரும் விலை கேட்பதில்லை. "450 வாட்" என்று ஸ்டிக்கர் இருக்கும். ஆனால் ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் எடுப்பது 12 வோல்ட் லைனில். அதில் 15 ஆம்பியர்தான் என்றால் 12 × 15 = 180 வாட்தான் அந்த இரண்டுக்கும். கேம் பாதியில் மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆனால் கார்டைத் திட்டுவார்கள், குற்றவாளி வேறு. மோசமான எஸ்எம்பிஎஸ் போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகலாம். கடற்கரைப் பகுதிகளில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். ராமைக் கழற்றி அதன் முனையை அழிரப்பரால் துடைத்து மாட்டும் வைத்தியம் தெரியாத கடைக்காரர் கிடையாது.

தேய்மானம்

2004 ஜூனில் இன்டெலின் 915 சிப்செட் வந்தது. கிராபிக்ஸ் கார்டு செருகும் ஏஜிபி போய் பிசிஐ எக்ஸ்பிரஸ் வந்தது. அதற்கு முந்தைய மாதம் ஏஜிபி போர்டு வாங்கியவர் பிறகு பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு போட நினைத்தால் போர்டையும் மாற்ற வேண்டிய நிலை. மாறாக, ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் 2017-இல் போர்டு வாங்கிய பலர், பயாஸை மட்டும் புதுப்பித்து 2022-இல் ரைசன் 5000 ப்ராசஸர் போட முடிந்தது. இரண்டுமே வாங்கிய அன்று நல்ல போர்டுதான். எவ்வளவு காலத்துக்கு உழைக்கும் என்பதில்தான் வித்தியாசம்.

2018-இல் வந்த ரைசன் 3 2200ஜி இன்னொரு வழி காட்டியது. உள்ளேயே ஓரளவு நல்ல கிராபிக்ஸ் இருந்ததால் கார்டு இல்லாமல் ஆரம்பித்து, பணம் சேர்ந்ததும் கார்டு போடலாம். 2021-இல் கிரிப்டோ மைனிங்கும் சிப் தட்டுப்பாடும் சேர்ந்து கார்டு விலையை ஏற்றியபோது, இப்படி ஆரம்பித்தவர்கள் அவசரப்படாமல் காத்திருக்க முடிந்தது.

ஆக, நாற்பது வருடக் கதை சொல்வது இதுதான். முதலில் கேம், அடுத்து மானிட்டர். 1024×768 திரையில் சுமார் 7.9 லட்சம் புள்ளிகள், 1920×1080 திரையில் சுமார் 20.7 லட்சம். கார்டுக்கு வேலை இரண்டரை மடங்குக்கு மேல். அதற்கேற்ற கார்டு, கார்டைத் தாங்கும் எஸ்எம்பிஎஸ், கார்டைக் காக்கவைக்காத ப்ராசஸர், நாளைக்கும் இடம் தரும் மதர்போர்டு. மீதியில் ராமும் டிஸ்க்கும். விளக்கு எரியும் கேபினட் கடைசியில், காசு மிஞ்சினால்!

பஸ் ஏறுவதற்கு முன்பே இந்த லிஸ்ட் கையில் இருக்க வேண்டும். கடை வாசலில் போடும் லிஸ்ட் பெரும்பாலும் கடைக்காரருடைய லிஸ்ட்டாகத்தான் இருக்கும்.